பாலாற்றை வலம் வருதல்

காஞ்சிபுரத்தில் யாரிடமாவது, "ஆத்துப் பக்கமா சைக்கிள்ல ஒரு சுத்து போயிட்டு வரலாம்னு இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஆத்துல தண்ணி ஏதுப்பா?" என்ற கேள்விதான் முதலில் வரும். கேட்பவர்மேல் தவறில்லை. கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தை ஓர் ஓரமாகத் தொட்டு, தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் நடந்து, வயலூர் அருகே கடலைச் சேரும் பாலாறு, ஆண்டின் பெரும்பாலான நாட்களில் நம் கண்ணுக்கு மணலாகத்தான் தெரிகிறது. கரையோரமாக மிதித்தால் சலசலக்கும் நீர் கூடவே வரும் என்று நினைத்துக் கிளம்பினால் முதல் பாலத்திலேயே மனசு விட்டுப்போகும்.

ஆனால் பாலாறு மணலுக்கு அடியில் ஓடுகிற ஆறு. காஞ்சி நகரத்துக் குடிநீரில் ஒரு பங்கு, ஓரிக்கையில் ஆற்றுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து வருகிறது. பட்டுக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள், பாலாற்றுத் தண்ணீர் பட்டால்தான் நிறம் எடுத்துக் கொடுக்கும் என்று இன்றும் சொல்வார்கள். கரையை ஒட்டிய ஊர்களில் ஏரியும் கிணறும் குளமும் எல்லாம் இந்த ஆற்றின் கணக்கில்தான். ஆகவே இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் பயணம் ஆற்றின் ஓரமாக ஒரு கோடு போட்டுப் போவதல்ல. ஒரு பாலத்தில் ஆற்றைத் தாண்டி, தென்கரை ஊர்களுக்குள் புகுந்து, இன்னொரு பாலத்தில் திரும்பி, நெசவுத் தெருக்களில் முடிகிற வட்டம். 25 முதல் 30 கிலோமீட்டர் வரும். நின்று, பார்த்து, டீ குடித்து வந்தால் நாலரை மணி நேரம். இதைவிட வேகமாக முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், அவர் எதையோ பார்க்காமல் வந்திருக்கிறார்.

வழி நினைவில் நிற்க ஒரே விதி போதும். ஆறு எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வலப்பக்கத்தைச் 'சோத்தாங்கைப் பக்கம்' என்பார்கள், இடப்பக்கம் 'பீச்சாங்கைப் பக்கம்'. ஆற்றைச் சோத்தாங்கையில் வைத்துக்கொண்டு சுற்றுவது, கோயிலை வலம் வருவதுபோலவே. சின்ன காஞ்சிபுரத்தில் தொடங்கி, ஓரிக்கைப் பாலம் வழியாகத் தெற்கே இறங்கி, தென்கரையில் மேற்கே போய், செவிலிமேட்டுப் பாலத்தில் வடக்கே ஏறி ஊருக்குள் வருவது. எதிர்த்திசையில் போனாலும் இதே ஊர்கள்தான் வரும். இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வலமாகவே போங்கள் என்கிறேன். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது சூரியன். காலையில் கிழக்குப் பார்த்து ஓட்டினால் வெயில் நேராகக் கண்ணில் குத்தும். எதிரே வரும் வண்டி தெரியாது, ரோட்டுப் பள்ளமும் தெரியாது. வலமாகப் போனால் தென்கரையில் மேற்கு நோக்கித்தான் மிதிப்பீர்கள். வெயில் முதுகில் இருக்கும், எதிரே இருக்கும் வயலும் பனையும் துலக்கமாகத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் காற்றும் வடகிழக்கிலிருந்து வருவதால் அதுவும் முதுகைத் தள்ளிக் கொடுக்கும்.

இரண்டாவது, பாலத்தில் நாம் நிற்கும் பக்கம். நம் ஊரில் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஓரிக்கைப் பாலத்தில் தெற்கே போகும்போது உங்கள் இடப்பக்கம் கிழக்கு. அதாவது சூரியன் உதிக்கும் பக்கத்துக் கைப்பிடிச் சுவர் உங்களுக்கே. சாலையைக் குறுக்கே தாண்டாமல், சைக்கிளை ஓரம் சாய்த்து நின்றுகொண்டே ஆற்றுக்குள் பொழுது விடிவதைப் பார்க்கலாம். திரும்பும்போது செவிலிமேட்டுப் பாலத்தில் இடப்பக்கம் மேற்கு. ஆறு வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே வரலாம். எதிராகச் சுற்றினால் ஓரிக்கைப் பாலத்தில் இந்தக் கிழக்குப் பக்கம் கிடைக்காது. கிழக்கைப் பார்க்க வேண்டுமானால் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். செவிலிமேடு வழியாகப் போகும் வந்தவாசி சாலையில் செய்யாறு சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள் காலையில் வரிசையாகப் போகும். அவசரத்தில் போகும் வண்டிகள். அந்த நேரத்தில் அவை போகும் திசையிலேயே நீங்களும் போனால் ஒவ்வொன்றும் உங்கள் தோளை உரசிக்கொண்டு தாண்டும். வலமாக வந்தால் நீங்கள் அந்தச் சாலையில் வடக்கே வருவீர்கள், அவை எதிர்ப்பக்கத்தில் தெற்கே போகும். ஒரு குறை மட்டும் உண்டு. வலமாகச் சுற்றும்போது திருப்பங்கள் எல்லாம் வலப்பக்கம் என்பதால் பெரிய சாலையைக் குறுக்கே கடக்க வேண்டிவரும். அந்த இடங்களில் இறங்கி, தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

எப்போது போவது? வடகிழக்கு மழை ஓய்ந்த மார்கழி நடுவிலிருந்து மாசி வரை. மழை நன்றாகப் பெய்த ஆண்டு என்றால் மார்கழியில் மணலின் நடுவே நாலைந்து கிளையாகத் தண்ணீர் பிரிந்து ஓடுவதைப் பார்க்கலாம். ஏரிகள் நிறைந்திருக்கும், நாற்று நட்டிருப்பார்கள். பங்குனி பிறந்துவிட்டால் காலை எட்டரைக்கே தார் ரோடு சுட ஆரம்பித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்காலச் சேதியைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். 2021 நவம்பரில் இதே பாலாற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தது. காலம்காலமாக ஆற்றை வெறும் மணலாகவே பார்த்துப் பழகியவர்கள் கரையில் வந்து நின்று கும்பிட்டார்கள். தாழ்வான தரைப்பாலங்கள் மூழ்கின. தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் சைக்கிளோடு இறங்கக் கூடாது. ஓடும் தண்ணீர் முதலில் சக்கரத்தைத்தான் பக்கவாட்டில் இழுக்கும்.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கியர் தேவையே இல்லாத சமதரை. பிளஸ் 1 பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிறதே, அந்த மாதிரி சாதாரணச் சைக்கிள் போதும். மெல்லிய டயர் போட்ட பந்தயச் சைக்கிள்தான் இங்கே உதவாது, கரைப் பக்கத்து மணலில் புதையும். காற்றை ஒரு பிடி குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது இருட்டாகவும் பனியாகவும் இருக்கும் என்பதால் முன்விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம் வேண்டும்.

இந்த வழியில் சைக்கிளுக்கு உண்மையான பகை சீமைக்கருவேல முள். ஆற்றங்கரை நெடுக அது புதராக மண்டியிருக்கிறது. விறகுக்கு வெட்டி இழுத்துப்போன தடமெல்லாம் முள் உதிர்ந்து கிடக்கும். என் முதல் பயணத்திலேயே, ஆற்றை இன்னும் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் தார் ரோட்டை விட்டு இறங்கி ஒரு வண்டித்தடத்தில் போனேன். நூறடி போவதற்குள் இரண்டு சக்கரமும் போய்விட்டது. ஒன்பது மணி வெயிலில் ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். அன்று முதல் தார் ரோட்டை விட்டு இறங்குவதென்றால் சைக்கிளை ரோட்டோரம் பூட்டிவிட்டு நடந்துதான் போகிறேன். மாற்று டியூப் ஒன்று, ஒட்டுப்போடும் சாமான், கைப்பம்பு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். டியூபை மாற்றும் முன் டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். முள்ளின் நுனி உள்ளேயே ஒடிந்து நிற்கும். அதை எடுக்காமல் புது டியூபை மாட்டினால் அதுவும் அங்கேயே குத்து வாங்கும்.

மார்கழியில் வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் ஐந்தரைக்கு நின்றால் சரியாக இருக்கும். விடிகாலையிலேயே கோலம் போட்டு, பூசணிப் பூ வைத்து, தெரு விழித்திருக்கும். புறப்படும் முன் வயிற்றை நிரப்ப வேண்டாம், ஒரு டீயும் இரண்டு வாழைப்பழமும் போதும். கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து அவிக்கிற இட்லியைத் திரும்பி வந்த பிறகு தேடிக்கொள்ளலாம்.

ஓரிக்கைக்குப் போகும் வழியில் வேகவதியைக் கடப்பீர்கள். பிரம்மாவின் யாகத்தைக் கலைக்கச் சரஸ்வதி இந்த நதியாகப் பாய்ந்து வந்ததாகவும், பெருமாள் குறுக்கே படுத்து அணையாக நின்றதாகவும் இந்த ஊர்ப் புராணம் சொல்கிறது. சின்ன காஞ்சிபுரத்தில் யதோக்தகாரிப் பெருமாள் அந்தக் கோலத்தில்தான் சயனித்திருக்கிறார். பேரிலேயே வேகத்தை வைத்திருக்கிற ஆறு இன்று சாக்கடையையும் குப்பையையும் சுமந்துகொண்டு நகர முடியாமல் கிடக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாகக் கடந்துவிடாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள் என்றுதான் சொல்வேன். பாலாற்றின் அருமை தெரிய, இதையும் பார்த்திருக்க வேண்டும்.

ஓரிக்கை என்ற பேருக்கும் அந்தப் பெருமாளோடு சம்பந்தம் உண்டு. திருமழிசையாழ்வாரின் சீடரான கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, ஆழ்வாரும் கூடவே கிளம்பினார். ஆழ்வார் அழைக்க, பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். அவர்கள் ஒரு இரவு தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை', அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். காஞ்சி மகா பெரியவருக்காக முழுக்கக் கருங்கல்லில் எழுப்பி, 2011இல் குடமுழுக்கு நடந்த மணிமண்டபமும் இங்கேதான் இருக்கிறது. போகும்போது நுழைய வேண்டாம். சூரியன் காத்திருக்காது.

மார்கழிக் கடைசியில் பொழுது விடிய ஆறரை ஆகிவிடும். ஆறேகாலுக்குப் பாலத்தின் நடுவில் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பனி மணலின் மேல் முழங்கால் உயரத்துக்குப் படிந்து நிற்கும். வெளிச்சம் வரவர முதலில் நாணல் பூக்கள் தெரியும், பிறகு தண்ணீர் ஓடும் கிளைகள் ஒவ்வொன்றாகக் கம்பி மாதிரி மின்னும், அதன் பிறகுதான் மணலின் நிறம். ஜரிகை என்ற எண்ணம் முதன்முதலாக ஒரு நெசவாளிக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று இங்கே நிற்கும்போதெல்லாம் தோன்றும். பாலத்தில் கனரக வண்டி போனால் தரை அதிரும், பயப்பட வேண்டாம். சைக்கிளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, பின்விளக்கை எரியவிட்டு வையுங்கள்.

பாலம் முடிந்ததும் உத்திரமேரூர் சாலை தெற்கே போகும். குருவிமலைப் பக்கத்தில் அதை விட்டுப் பிரிந்து, மேற்கே போகும் கிராமச் சாலைகளைப் பிடிக்க வேண்டும். இது ஒரே நேர்ச் சாலை அல்ல. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு, அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கு என்று கோத்துக்கொண்டு போகும் வழி. முந்தின இரவே கைப்பேசி வரைபடத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆனால் வரைபடம் வண்டித்தடத்தையும் ரோடு என்றே காட்டும், முள் இருப்பதைச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு கூட்டு ரோட்டிலும் ஒரு ஆளைக் கேட்பதுதான் நல்லது. அடுத்து நாம் நிற்கப்போவது ஐயங்கார்குளத்தில். ஆனால் 'ஐயங்கார்குளம் எப்படிப் போறது?' என்று கேட்டால் தூரமாயிற்றே என்று யோசிப்பார்கள். 'தூசிக்கு வழி இதுதானே?' என்று கேளுங்கள். வந்தவாசி சாலையில் இருக்கும் தூசி எல்லாருக்கும் தெரிந்த ஊர்.

"ஐயா, தூசிக்கு இப்படிப் போலாங்களா?"

"சைக்கிள்லயா? நேரா போ தம்பி. மாரியாத்தா கோயில் வரும், அதத் தாண்டி சோத்தாங்கைப் பக்கம் திரும்பாத, அது ஆத்துக்குப் போயிடும். பீச்சாங்கைப் பக்கமா ஒடிச்சுப் போ. ஒரு கூப்பிடு தூரம்தான்."

கூப்பிடு தூரம் என்றால் ஒரு கிலோமீட்டரும் ஆகலாம், மூன்றும் ஆகலாம். தண்ணீர் பாட்டிலை அதற்கேற்ப நிரப்பிக்கொள்ளுங்கள்.

இப்படி வழி சொன்ன பெரியவர் ஒருவர்தான் எனக்கு ஊற்றுக்காலைக் காட்டினார். பாலாற்றுப் பாசனத்தின் உயிர் அது. மணலுக்குள் சரிவு பார்த்து, ஆற்றின் போக்கிலேயே நீளமாகக் கால்வாய் வெட்டுவார்கள். மேலே நீர் இல்லாவிட்டாலும் பக்கத்து மணலிலிருந்து ஊறி அதில் சேரும். ஆற்றின் சரிவைவிடக் கால்வாயின் சரிவு குறைவாக இருப்பதால், ஆறு கீழே இறங்க இறங்க, கால்வாய் மெல்ல மெல்லக் கரையின் உயரத்துக்கு வந்து வயலுக்குள் நுழைந்துவிடும். மோட்டார் இல்லை, ஏற்றம் இல்லை. ஆண்டுதோறும் ஊர் கூடித் தூர் வாரினால் போதும். அவர் காட்டிய இடத்தில் இன்று பாதி தூர்ந்து, கோரை மண்டிக் கிடந்தது. ஆனால் குனிந்து கையால் மணலை ஒரு சாண் தோண்டியதும் குழி கலங்கி, பிறகு தெளிந்து, கண்ணாடிபோல நீர் நின்றது. "குடிச்சுப் பாரு" என்றார். மணலின் குளிர்ச்சியோடு, சற்று இனிப்பாக இருந்தது. மணல் இருந்தால்தான் அதற்குள் நீர் நிற்கும். மணலை அள்ளிக்கொண்டு போனபோது இந்த ஊற்றுகளும் சேர்ந்தே போயின என்பதை அவர் கோபமில்லாமல் சொன்னார், அதனால்தான் கேட்க அதிகம் வலித்தது.

மணல் அள்ளிய பள்ளங்களைப் பற்றி எச்சரிக்கையாகவே ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் ஓடும் நாட்களில் ஆற்றில் குளிக்க இறங்காதீர்கள். பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். மேலே பார்த்தால் முழங்கால் ஆழம்போல இருக்கும், அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழப் பள்ளம் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும். பள்ளத்தின் விளிம்பு மணல் சரிந்துகொண்டே இருப்பதால் ஏறிவரப் பிடிமானம் கிடைக்காது.

ஏழரை மணிவாக்கில் வந்தவாசி சாலையைத் தொடுவீர்கள். பஸ்கள் போகும் நேரம் என்பதால் இறங்கித் தள்ளிக் கடந்து, கலவை போகும் சாலையில் ஐயங்கார்குளத்துக்குப் போங்கள். இந்தச் சுற்றிலேயே அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். விஜயநகர அரசர்களின் காலத்தில் செல்வாக்கோடு இருந்த லட்சுமிகுமார தாத்தாச்சாரியார் வெட்டிய பெரிய குளமும், கரையில் சஞ்சீவிராயர் என்ற ஆஞ்சநேயர் கோயிலும் இங்கே இருக்கின்றன. சஞ்சீவி மலையோடு வந்த அனுமன் இங்கே சற்றுத் தங்கினார் என்பது ஊர்க்கதை. குளத்தின் ஒரு கரையில் நின்றால் எதிர்க்கரையில் துணி துவைப்பவர் எறும்பளவு தெரிவார். காற்று அடித்தால் அலை வரும். பேர்தான் குளம், பார்க்க ஏரிபோல இருக்கும்.

அதற்குப் பக்கத்தில் நடவாவி. நடந்து இறங்கும் வாவி. மேலிருந்து பார்த்தால் கல் வளைவு ஒன்று, அதற்கடியில் பூமிக்குள் இறங்கும் படிகள், அவ்வளவுதான். இறங்க இறங்க வெளிச்சம் குறையும், கல்லின் ஈரம் முகத்தில் படும், குரல் தடிக்கும். படிகளின் முடிவில் பூமிக்கு அடியிலேயே தூண்களோடு ஒரு மண்டபம், அதற்குள் கிணறு. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் மண்டபம் நீருக்குள் மூழ்கிக் கிடக்கும். எந்தப் படியில் நீர் நிற்கிறதோ, அந்த ஆண்டு நிலத்தடி நீர் அவ்வளவு. பாலத்தில் பார்க்க முடியாத பாலாற்றை நீங்கள் நேருக்கு நேர் பார்ப்பது இந்தப் படிகளில்தான். பாசி வழுக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நீருக்கு நாலு படி மேலேயே நின்றுவிடுங்கள்.

சித்ரா பௌர்ணமியன்று மட்டும் நீரை இறைத்து மண்டபத்தைத் திறந்து வைப்பார்கள். வரதராஜப் பெருமாள் காஞ்சியிலிருந்து ஊர் ஊராக மண்டகப்படி கண்டு வந்து, இந்தப் படிகளில் இறங்கிக் கிணற்று மண்டபத்தைச் சுற்றி வருவார். திரும்பும் வழியில் பாலாற்று மணலிலும் இறங்குவார். அன்றைக்குச் சைக்கிளில் வர நினைத்தால் மாலையில் வந்து, ஊருக்கு வெளியிலேயே பூட்டிவிட்டு நடந்து வாருங்கள். கூட்டம் சைக்கிளுக்கு இடம் கொடுக்காது, கொடுக்கச் சொல்லவும் கூடாது.

கால் தாங்கும் என்பவர்கள் தூசிக்குத் தெற்கே மாமண்டூர் வரை போய் வரலாம். குன்றின் கிழக்குச் சரிவில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் இருக்கின்றன. அங்குள்ள கல்வெட்டு ஒன்று அவன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசன'த்தின் பேரைச் சொல்கிறது. அங்குள்ள ஏரிக்குச் 'சித்திரமேகத் தடாகம்' என்று பழைய பேர். பாலாற்று அணைக்கட்டிலிருந்து தூசிக் கால்வாய் வழியாக நீர் பெறும் ஏரி இது. ஆனால் போக வர வந்தவாசி சாலையைத்தான் நம்ப வேண்டும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை அன்றிக் குழந்தைகளோடு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னும் பெரிய வட்டம் ஒன்று உண்டு. வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரம், அங்கே பாலம் தாண்டித் திருமுக்கூடல், பிறகு செய்யாற்றங்கரையில் மாகறல், உத்திரமேரூர் சாலையைப் பிடித்து ஓரிக்கை. முழு நாள் வேலை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். ஆற்றங்கரைப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு நீளமாக ஓடுகிறது. 11ஆம் நூற்றாண்டில் இங்கே மாணவர்களுக்கு விடுதியும், 15 படுக்கைகளோடு 'வீரசோழன்' என்ற மருத்துவசாலையும் நடந்ததை, மருத்துவருக்கும் மருந்துக்கு மூலிகை கொண்டுவருபவருக்கும் கொடுத்த கூலி வரை அது எழுதி வைத்திருக்கிறது. அந்த வட்டத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

ஐயங்கார்குளத்திலிருந்து திரும்பி, செவிலிமேட்டுப் பாலத்தில் வடக்கே ஏறும்போது எட்டரை ஆகியிருக்கும். பாலத்துக்கு இந்தப் பக்கம், ஊருக்குப் போகும் வழியில் சாலைக்கிணறு. காசிப் பயணத்தில் தம்மைக் கொல்லச் சதி நடப்பது தெரிந்து விலகி வந்த இளம் ராமானுஜரை, வேடனும் வேடுவச்சியுமாக வந்த பெருமாளும் தாயாரும் விந்தியக் காட்டிலிருந்து ஒரே இரவில் இந்தக் கிணற்றடியில் கொண்டுவந்து சேர்த்தார்கள், தாகம் என்ற வேடுவச்சிக்கு அவர் இங்கே நீர் மொண்டு கொடுத்தார் என்பது ஐதீகம். அதன்பின் தினமும் இங்கிருந்து பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்தார். இங்கிருந்து கோயில் வரையான தூரத்தை அவர் குடத்தோடு நடந்தார் என்பதை நினைத்துக்கொண்டே மிதித்தால் களைப்பு தெரியாது.

கடைசியாகப் பிள்ளையார்பாளையம். இங்கே ஒரு தேர்வு செய்ய வேண்டும். தெருவில் பாவு நீட்டுவதைப் பார்க்க விரும்பினால் இந்த வட்டத்தோடு சேர்க்க முடியாது. வெயில் ஏறினால் இழை விறைத்து அறும் என்பதால் விடிகாலையிலேயே முடித்துவிடுவார்கள். நீங்கள் அப்போது ஓரிக்கைப் பாலத்தில் நிற்பீர்கள். ஆகவே அதற்கு இன்னொரு காலை வாருங்கள், சைக்கிள் இல்லாமல் வந்தால் இன்னும் நல்லது. தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக இழுத்துக் கட்டிய பாவில் ஆயிரக்கணக்கான பட்டிழை இருக்கும். குனிந்தபடி இரண்டு பக்கமும் நடந்து, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டு போவார்கள். ஒரு பாவில் சாதாரணமாக மூன்று புடவை. ஒரு வீட்டின் பல வாரச் சோறு உங்கள் சக்கரத்தின் உயரத்தில் நிற்கிறது. தூரத்தில் பாவு தெரிந்ததுமே இறங்கிவிடுங்கள். மணி அடிக்க வேண்டாம், சைக்கிளைச் சுவர்ப் பக்கமாகத் தூக்கிக்கொண்டு நடந்து போங்கள். பெடலும் பிரேக் கம்பியும் இழையில் மாட்டக் கூடிய கொக்கிகள்.

ஒன்பது மணிக்கு வரும்போது பாவு சுருட்டியாகிவிட்டிருக்கும். அப்போது தறிச் சத்தம் கேட்கத் தொடங்கும். மிதிப்பதை நிறுத்தி, சைக்கிளைத் தானாக உருள விடுங்கள். ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும் தாளம் மாறும். குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடா ஒன்றே ஓடும் தறி விடாமல் ஒரே சீராக அடிக்கும். கோர்வைப் புடவை என்றால் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா, பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பிப் போட வேண்டும். அதனால் சத்தம் விட்டுவிட்டு வரும். நாடா ஓடும் சரக்கென்ற ஒலி, ஒரு சின்ன இடைவெளி, பிறகு அச்சு வந்து மோதும் ஒலி. திண்ணையில் ஒரு பாட்டி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தால், நின்று கேட்டால் பேசுவார். எங்கிருந்து வருகிறீர்கள் என்பார். ஆற்றுப் பக்கம் போய் வந்தோம் என்று சொல்லுங்கள்.

"தண்ணி போவுதா?" என்று கேட்பார். பார்த்ததைச் சொல்லுங்கள், எத்தனை கிளையாகப் போகிறது, நடவாவியில் எந்தப் படியில் நிற்கிறது என்று.